வீட்டு வைஃபையை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரி 8 மணிக்கு மேல் நெட் இழுக்கிறது, அக்கம்பக்கத்தில் யாரோ என் வைஃபையை எடுக்கிறார்கள் போலிருக்கிறது, எப்படி உறுதிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: வேகம் குறைவதை வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். எங்கள் வீட்டில் வெளியாள் இருந்தது உண்மை, வேகம் குறைந்ததும் உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

நாங்கள் இருப்பது மும்பை செம்பூரில், செட்டா நகர் பக்கம். பழைய கட்டடம், ஒரு மாடிக்கு நான்கு வீடு. போன மே மாதம் 11 நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலி போயிருந்தோம். ஃப்ரிட்ஜுக்காக மெயினை அணைக்கவில்லை, அதனால் ரூட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பில் கட்டுவதற்காக இணைய நிறுவனத்தின் கணக்கைத் திறந்தேன். அதில் நாள்வாரியாக எவ்வளவு டேட்டா செலவானது என்று ஒரு பக்கம் உண்டு. அதுவரை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. நாங்கள் ஊரில் இருந்த ஒவ்வொரு நாளும் 6 ஜிபி, 7 ஜிபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 14 ஜிபி. வீட்டில் சிசிடிவி கேமரா கிடையாது, டிவி பிளக் கழற்றியிருந்தது. பூட்டிய வீட்டில் யார் படம் பார்த்தது?

ஆகவே நீங்களும் இதிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் யாருமே இல்லாத ஒரு நாளின் கணக்கைப் பாருங்கள். நூறு எம்பி, இருநூறு எம்பி என்றால் கவலை வேண்டாம், ஸ்மார்ட் பல்பும் செட்டாப் பாக்ஸும் தாமாக ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். பல ஜிபி என்றால் விஷயம் இருக்கிறது. எல்லா போனையும் அணைத்துவிட்டு ரூட்டரின் விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். யாரும் இணைந்திருக்காவிட்டாலும் அந்த விளக்கு மினுக்கும்.

அடுத்தது ரூட்டரின் பட்டியல். போனில் வைஃபை விவரத்துக்குள் போனால் கேட்வே என்று ஒரு எண் இருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி. ஜியோ ஃபைபரில் பெரும்பாலும் 192.168.29.1. அதை பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் பக்கம் வரும். உள்ளே நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டருக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பெரிய நிறுவனங்களின் ஆப்பிலேயே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் கிடைக்கும். ஃபிங் என்ற ஆப்பும் அந்த வேலையைச் செய்யும்.

பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் வீட்டில் வைஃபை வாங்கும் பொருட்களை எல்லாம் எழுதுங்கள். இது ரொம்ப முக்கியம். நாங்கள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினோம், 9 வந்தது. ரூட்டரில் 16 இருந்தது. அப்பா உடனே, "பக்கத்து வீட்டுப் பையன்தான், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுது" என்று கிளம்பிவிட்டார். அவன் சிஏ பரீட்சைக்குப் படிக்கிறவன். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நல்லவேளை.

16இல் ஒன்று, எஸ்பிரெசிஃப் என்று வாயில் நுழையாத பெயர். யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பயப்பட வைக்கும் பெயர்தான், ஆனால் அது ஸ்மார்ட் பல்புகளிலும் பிளக்குகளிலும் இருக்கும் சிப்பைச் செய்கிற சீன நிறுவனம். பூஜை அறை பல்பைத் தாளில் எழுத மறந்திருந்தோம். இன்னும் இரண்டு, எங்கள் போன்களே இரண்டாம் முறை வந்தவை. ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதன் முதல் ஆறு எழுத்து எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லிவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் பின்தொடரப்படாமல் இருக்கப் பொய் முகவரி ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. வைஃபை பெயருக்குப் பெயர் அது மாறும். ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். எங்கள் ரூட்டரில் 2.4க்கு ஒரு பெயர், 5க்கு ஒரு பெயர். இரண்டிலும் மாறி மாறி இணைந்த போன் இரண்டு ஆளாகத் தெரிந்தது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அநேகமாக இந்த மாதிரிப் பொய் முகவரிதான். கம்பெனியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், போனின் வைஃபை விவரத்தில் காட்டும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, சில ரூட்டர்கள் போய்விட்ட கருவியையும் ஒருநாள் வரை பட்டியலில் வைத்திருக்கும்.

இதெல்லாம் கழித்த பிறகு 4 மிஞ்சியது. மூன்று போன், ஒரு டிவி. எங்கள் டிவி வேறு கம்பெனி.

ராத்திரி 9 மணிக்கு அந்த டிவியை மட்டும் ரூட்டரில் தடை செய்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர் வீட்டுக் கதவு திறந்து மாமி வந்து நின்றார். "உங்காத்துல நெட் வரதாடா? எங்காத்துல டிவி நின்னுடுத்து."

அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. "மாமி, டிவில எந்த வைஃபை போட்டிருக்குன்னு ஒருதடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டு உள்ளே போனேன். செட்டிங்கில் எங்கள் வைஃபையின் பெயர். மார்ச்சில் ரோடு தோண்டியபோது அவர்கள் வீட்டு கேபிள் அறுந்து இரண்டு நாள் நெட் இல்லை. பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு என்று எங்கள் அம்மாதான் போனில் க்யூஆர் கோடைக் காட்டியிருக்கிறார். அவன் அதைப் படம்பிடித்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அவர்கள் நெட் மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஆனால் டிவியும் போன்களும் எங்கள் வைஃபையை நினைவில் வைத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டிருந்தன. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க மாசாமாசம் எங்களுக்குன்னு பணம் கட்டிண்டுதானேடா இருக்கோம்!" அவர்கள் கட்டிய பணம் வீண், ஓடியது எங்கள் டேட்டா. நாங்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் திட்டியிருந்தால் எத்தனை பெரிய பாவம்.

சரி, கடவுச்சொல்லை மாற்றியாயிற்று, நால்வரும் போயாயிற்று. ராத்திரி 8 மணிக்கு நெட் அப்போதும் இழுத்தது.

அப்புறம்தான் லேப்டாப்பைக் கேபிள் மூலம் நேராக ரூட்டரில் செருகி வேகம் பார்த்தேன். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 96 வந்தது. படுக்கையறையில் வைஃபையில் 9. கோளாறு கம்பெனியின் லைனில் இல்லை, வெளியாளிடமும் இல்லை, காற்றில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது வைஃபை ஓடும் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் கூடத்தில் நின்று தேடினால் 23 வைஃபை பெயர் வருகிறது. எல்லோரும் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் அந்த மூன்றில் நெருக்கியடிக்கிறார்கள். போதாததற்கு, வயர் உள்ளே வரும் இடம் என்று இணைப்புக் கொடுக்க வந்த ஆள் ரூட்டரை வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். எங்கள் படுக்கையறையைவிட மாமி வீட்டுக் கூடத்துக்கு அது பக்கம்! அவர்கள் டிவி எங்கள் வைஃபையை விடாததற்கும், எங்களுக்குக் கிடைக்காததற்கும் அந்த ஒரே இடம்தான் காரணம். ரூட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, டிவியையும் லேப்டாப்பையும் நெரிசல் குறைந்த 5க்கு மாற்றினேன். அதோடு தீர்ந்தது.

அப்படியென்றால் வெளியாள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்காதீர்கள். மும்பையில் இருக்கிற நான் அப்படி நினைக்க முடியாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பை சான்பாடாவில் வாடகைக்கு இருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபையிலிருந்து போயிருந்தது. அனுப்பியது அவர் இல்லை. ஆனால் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண், அவர் வீட்டைத்தான் காட்டியது, போலீஸ் கணினிகளை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தது. ஆகஸ்டில் இன்னொரு மின்னஞ்சல், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது எங்கள் செம்பூரிலேயே ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. பூட்டில்லாத வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகத் தேடியது அதனால்தான். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு.

என்ன செய்வது என்பது சுலபம்தான். வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரூட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்புக் கொடுக்க வருகிற ஆள் வழக்கமாக உங்கள் மொபைல் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போவார், அது கட்டடத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்த எண். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 3 என்று இருக்க வேண்டும். கடவுச்சொல் அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். அதனால் 11,000 முறை முயன்றாலே உடைத்துவிடலாம் என்பது 2011இலேயே தெரிந்துவிட்டது. வைஃபை பெயரை மறைப்பது, மேக் முகவரி வைத்துத் தடுப்பது இரண்டுமே தெரிந்தவனிடம் செல்லாது.

விருந்தாளிகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று தனியாக வைத்துவிடுங்கள். இப்போது மாமி வீட்டில் நெட் போனால் அதைத்தான் திறந்துவிடுகிறேன், வந்ததும் அணைத்துவிடுகிறேன். நெட் வந்துவிட்டது என்று மாமியே வந்து சொல்லிவிடுவார்.

இன்று ராத்திரி 9 மணிக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தாளில் எழுதியதெல்லாம் கழித்த பிறகும் அடையாளம் தெரியாமல் ஏதாவது மிஞ்சினால், அதன் மேக் முகவரியில் முதல் ஆறு எழுத்தை மட்டும் இங்கே போடுங்கள், என்ன கருவி என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பக்கத்து வீட்டில் எதுவும் கேட்க வேண்டாம்.