தோப்பிலேயே தீட்டலாம்

கேள்வி: புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்கும்போது செயின்சா பாதியிலேயே மழுங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோகாமல் தோப்பிலேயே கையால் தீட்ட முடியுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தாராளமாக முடியும். சீவல் சீவலாக விழ வேண்டிய மரம் மாவாக உதிரத் தொடங்கினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேலும் அழுத்தி அறுத்தால் பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) சங்கிலியும் சூடேறித் தேயும். ஓர் அடிக்கட்டையில் குறுகலாக ஒரு வெட்டுப் போட்டு, இயந்திரத்தை அணைத்துவிட்டு, பாரை அதில் செருகிவிட்டால் ரம்பம் ஆடாமல் நிற்கும். கையுறை அவசியம்.

உருண்டை அரத்தின் பருமன் சங்கிலிக்குப் பொருந்த வேண்டும், 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) கொண்ட சங்கிலிக்குப் பொதுவாக 4.8 மி.மீ. அரம். அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்பைத் தாண்டித் தெரியும்படி வைத்து, பல சங்கிலிகளுக்கு உரிய 30 டிகிரிச் சாய்வில், பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மட்டுமே தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பவர்களைத்தான் அதிகம் காண்கிறோம். அதில் மழுங்குவது அரம்தான். பற்களின் நீளம் இருபுறமும் சமமாக இல்லாவிட்டால் வெட்டு ஒருபக்கமாக வளைந்தோடும்.

பலரும் கவனிக்காதது, பல் எவ்வளவு ஆழமாக வெட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும், பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடு. பல் தேயத் தேயப் பல்லின் உயரமும் குறைவதால், மேடு பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்குமாறு, அளவுத்தகடு வைத்துத் தட்டை அரத்தால் அதையும் குறைக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ரம்பம் வெட்டிக்கொண்டு உதறும், அது ஆபத்து.