பி.எட். முடித்தவர் மறுபடியும் ஏன் படிக்க வேண்டும்?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அமெரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆசிரியராக வேலை பார்ப்பவர்கள் வாங்கும் சி.டி.ஏ. (சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்) சான்றிதழ்தான் அது. அதனால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, நான் ஊரில் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். இங்கே வந்த பிறகு ஒரு டே கேரில் மூன்று வயதுக் குழந்தைகள் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். டைரக்டர் சி.டி.ஏ. வாங்கச் சொல்கிறார். இவ்வளவு படித்த பிறகு மறுபடி முதலிலிருந்தா என்று கோபமாக வருகிறது. போர்ட்ஃபோலியோ என்று நம் வேலையைக் காட்டும் ஒரு ஃபைல் வேறு தயாரிக்க வேண்டுமாம், அதில் என்னதான் எழுதுவது?
— வாசகி, டெக்சாஸ்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பாடம் புரியாவிட்டால் எழுந்து கேட்பான், இல்லையென்றால் பரீட்சைத் தாளில் தெரிந்துவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு எதுவோ சரியில்லை என்றால் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், அல்லது மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதைப் பார்த்து என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது தனி வித்தை, பி.எட்.டில் யாரும் நமக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அதனால் இதைக் கீழே இறங்குவதாக நினைக்காதீர்கள். வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். வாஷிங்டனில் இருக்கும் கவுன்சில் ஃபார் புரொஃபஷனல் ரெகக்னிஷன் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழைத் தருகிறது, முதல் சான்றிதழ் 1975-லேயே கொடுக்கப்பட்டுவிட்டது. பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். குழந்தைக் கல்வியில் 120 மணி நேரப் பயிற்சி வேண்டும், அது 8 பாடப் பகுதிகளாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரம். உங்கள் பி.எட்.டில் சின்னக் குழந்தைகளைப் பற்றிய தாள் ஏதாவது இருந்தால், அதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். அப்புறம் 480 மணி நேர அனுபவம், விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள். வாரம் 40 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அது 12 வாரம்தான், நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டியிருப்பீர்கள். செலவைப் பற்றிக் கவலையாக இருந்தால் டீச் என்ற உதவித்தொகைத் திட்டம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், டைரக்டரே வாங்கச் சொல்வதால் நிறுவனம் எவ்வளவு தரும் என்றும் கூசாமல் கேளுங்கள்.

இனி போர்ட்ஃபோலியோ. பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதலுதவி, சி.பி.ஆர். (மூச்சு, இதயம் நின்றால் செய்யும் அவசர உதவி) சான்று, ஒரு வார உணவுப் பட்டியல், ஒரு வாரப் பாடத் திட்டம், செயல்பாடுகள், குழந்தைகளுக்கான 10 புத்தகங்களைப் பற்றிய குறிப்பு, குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் யாரிடம் எப்படிப் புகார் செய்ய வேண்டும் என்று உங்கள் மாநிலச் சட்டம் சொல்வது, இதெல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும். இவை தேடிச் சேர்க்கிற வேலை, இரண்டு மூன்று வாரக் கடைசியில் முடித்துவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், ஆசிரியருக்கு வேண்டும் என்று கவுன்சில் சொல்லும் ஆறு தகுதிகளைப் பற்றி நீங்களே எழுதும் ஆறு கட்டுரைகளில். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 500 சொற்கள். அதில் நம்மவர்கள் எழுதுவது என்ன தெரியுமா? “குழந்தைகளின் தன்னம்பிக்கையை வளர்க்கிறேன், பாதுகாப்பான சூழலை உருவாக்குகிறேன்” என்று பக்கம் பக்கமாக. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், குழந்தையையே பார்க்காதவர்கூட எழுதலாம்.

உங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுங்கள். ஒரு குழந்தை தானே பால் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அழுகிறது, பெரிய ஜக்கைக் கொடுத்தால் மேஜை முழுக்கக் கொட்டிவிடுகிறது. நீங்கள் கைப்பிடி வைத்த சின்ன ஜக் ஒன்றில் பாதி அளவு பால் ஊற்றி வைத்தீர்கள், பக்கத்தில் துடைக்கிற துணியையும் வைத்தீர்கள், கொட்டினால் குழந்தையே துடைக்கிறது. ஏன் சின்ன ஜக்? அந்த வயதில் மணிக்கட்டுக்கு அவ்வளவுதான் பலம். ஏன் துணி? கொட்டுவது தப்பு இல்லை, சரிசெய்துவிடலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். சரி, தன்னம்பிக்கையைப் பற்றி எழுதிவிட்டீர்கள், அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே.

குழந்தையைக் கவனித்து எழுதும் குறிப்பும் அப்படித்தான். “பிடிவாதக்காரன்”, “சமர்த்து” என்றெல்லாம் எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. “கட்டைகளை அடுக்கினான், சரிந்தது, மறுபடி அடுக்கினான், மறுபடி சரிந்தது, அடுத்த முறை பெரிய கட்டையை அடியில் வைத்தான்” என்று எழுதுங்கள். கணக்கு ஆசிரியைக்கு இதில் என்ன நடந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை! வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள், கட்டுரை எழுத உட்காரும்போது உங்களிடம் சரக்கு இருக்கும்.

இன்னொன்று, உங்கள் வகுப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து வாங்க வேண்டும். “என்னைப் பற்றி எழுதித் தாருங்கள்” என்று கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம், கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் வாசலில் நின்று துரத்துவார்கள். முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சோதிக்க ஒருவர் வகுப்புக்கே வருவாராமே? என் ஆங்கிலம் சரளமாக இருக்காது. கேள்வி கேட்டுத் திணற வைப்பார்களோ என்று தூக்கமே வரவில்லை.
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வருபவரை பி.டி. (புரொஃபஷனல் டெவலப்மென்ட்) ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள். அவரைத் தேர்ந்தெடுப்பதே நீங்கள்தான், கவுன்சிலின் பட்டியலில் பார்த்து, பேசி, நேரம் குறித்துக்கொள்ளலாம். மொத்தம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்: முதலில் உங்கள் ஃபைலைப் பார்ப்பார், பிறகு இரண்டு மணி நேரம் போல ஓர் ஓரமாக உட்கார்ந்து நீங்கள் குழந்தைகளோடு இருப்பதைக் கவனிப்பார், கடைசியில் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். அந்தப் பேச்சு வாய்மொழித் தேர்வு இல்லை. எது உங்களுக்கு நன்றாக வருகிறது, எதில் வளர வேண்டும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சேர்ந்து யோசிக்கிற நேரம். “இதில் நான் இன்னும் பழக வேண்டும்” என்று சொன்னால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள், அதைச் சொல்லத் தெரிவதற்காகத்தான் அந்த உரையாடலையே வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மட்டும் புதிதாக எதையும் செய்து காட்ட வேண்டாம், அதுதான் என் ஒரே வேண்டுகோள். வழக்கமான பாட்டு, வழக்கமான வரிசை, வழக்கமாகக் கை கழுவும் நேரம். புதுப் பொம்மையைக் கொண்டுவந்தால் குழந்தைகள் கூத்தடித்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

இதைத் தவிர கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, 65 கேள்விகள், 1 மணி 45 நிமிடம், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. வாசித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும், உச்சரிப்பு அங்கே ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி இல்லை. தன்னார்வலராகப் போய் 480 மணி நேரத்தை முடித்துவிடலாம் என்று தோழி சொல்கிறாள். சரியா?
— வாசகி, கலிஃபோர்னியா

பதில்: அவசரப்படாதீர்கள். தன்னார்வப் பணியை அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது சான்றிதழ் விதி. விசா விதி அதிலிருந்து முற்றிலும் வேறு. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலையை நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்தாலும், அனுமதியில்லாத வேலை என்று பார்க்கப்பட வாய்ப்பு உண்டு, லாப நோக்கில் நடக்கும் டே கேர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கணவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடுவது) ஏற்கப்பட்டிருந்தால் உங்களுக்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, 2015-லிருந்து அந்த விதி உண்டு. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். தோழியின் பேச்சை நம்பி விசாவோடு விளையாட வேண்டாம். அதுவரை 120 மணி நேரப் பயிற்சியை ஆன்லைனில் முடித்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் சி.டி.ஏ. காலாவதி ஆக இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. வருமானம் குறைந்த குடும்பங்களின் சின்னக் குழந்தைகளுக்கு அரசு நடத்தும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் வேலைக்கு மனுப்போடப் போகிறேன். புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்?
— வாசகி, ஜார்ஜியா

பதில்: விடவே விடாதீர்கள். ஹெட் ஸ்டார்ட்டில் உதவி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்பதே இதைத்தான், இல்லாதவர்கள் இரண்டு வருடத்துக்குள் வாங்குவதாகப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். காலாவதி ஆகிவிட்டால் புதுப்பிக்க முடியாது, போர்ட்ஃபோலியோவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். புதுப்பிக்க 45 மணி நேரக் கூடுதல் பயிற்சி, கொஞ்சம் பணி அனுபவம், நடப்பில் இருக்கும் முதலுதவிச் சான்று, தொழில்முறைச் சங்கம் ஒன்றில் உறுப்பினர் என்பதற்கான அத்தாட்சி, உங்கள் வேலையை அறிந்த ஒருவரின் பரிந்துரை ஆகியவை வேண்டும். முதலுதவி வகுப்புக்குத்தான் இடம் கிடைக்கத் தாமதமாகும், அதை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.