குளிருக்குள் ஃபேர்னஸ் நின்றுவிட்டால்: வாசகர் கேள்விகள்

ரொறன்ரோப் பக்கத்தில் வீட்டு ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், திருத்துவது என் தொழில். இந்த வாரக் குளிரோடு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையில் வீடு 14 பாகை. ஃபேர்னஸ் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு நின்றுவிடுகிறது. ஆளைக் கூப்பிட முதல் நான் ஏதும் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு முதலில் வெளியே போங்கள். இப்போதைய ஃபேர்னஸ்கள் பெரும்பாலும் பக்கச் சுவரால் வரும் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்களால்தான் மூச்சுவிடுகின்றன. ஒன்று காற்றை இழுக்கும், மற்றது எரிந்த வாயுவைத் தள்ளும். பனி அந்த வாயை மூடினால் உள்ளேயுள்ள அழுத்த சுவிச் அதை உணர்ந்து நெருப்பைப் பற்றவிடாது. வெளியே தள்ளும் குழாயில் ஈரமும் வரும். கடும் குளிரில் அது உறைந்து, வாயைச் சுற்றித் தாடிபோல ஐஸ் தொங்குவதை அடிக்கடி காண்கிறேன். கையால் மெதுவாக எடுங்கள். சவளால் குத்தினால் குழாய் உடையும்.

அப்புறம் ஃபேர்னஸுக்குள் போகும் காற்றின் தூசியை வடிக்கும் ஃபில்ரரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றும் போகாது. சூடு உள்ளேயே தேங்க, ஃபேர்னஸ் தன்னைக் காக்க நின்றுவிடும். புது ஃபில்ரர் போடுங்கள். சூட்டளவை வைக்கும் தேர்மோஸ்ராற்றின் பற்றரி, பிரேக்கர், ஃபேர்னஸுக்குப் பக்கத்துச் சுவிச் மூன்றையும் பாருங்கள். அந்தச் சுவிச் லைற் சுவிச் மாதிரியே இருப்பதால் யாராவது தவறுதலாக அணைத்துவிடுவார்கள்.

எல்லாம் சரியென்றால் சுவிச்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ஃபேர்னஸின் சிறு கண்ணாடிக்குள் ஒரு லைற் மின்னும். எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி வைத்திருந்து, வருபவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் அலாரம் அடித்தாலோ, காஸ் கசிவைக் காட்டும் அழுகிய முட்டை மணம் வந்தாலோ இதில் எதையும் செய்ய வேண்டாம். சுவிச்சைத் தொடாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் அவசர எண் 911-ஐ அழையுங்கள்.

கறண்டும் போய்விட்டால் பார்பிக்யூ அடுப்பைக் கராஜுக்குள் வைத்து, கதவைப் பாதி திறந்துவிடலாம்தானே?

தயவுசெய்து வேண்டாம். கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் வேண்டாம். ஊரில் பிள்ளை பெற்றவளின் அறையில் தணல் சட்டி வைத்த அம்மம்மாமாரை நமக்குத் தெரியும். அந்த ஓட்டு வீடுகளில் கூரையிடுக்கால் காற்றுப் போனது. இங்கே குளிர் புகாமலிருக்க ஒவ்வொரு இடுக்கையும் அடைத்து வைத்திருக்கிறோம். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், பிறகு நித்திரை. காய்ச்சலென்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் போனது. அப்போது கரியையும் ஜெனரேற்றரையும் உள்ளே வைத்த வீடுகளிலிருந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காஸ் அவணைத் திறந்துவைத்துக் குளிர்காய்வதும் இதே ஆபத்துத்தான். சாம்பிராணித் தணலையும் அந்த நாட்களில் விட்டுவிடுங்கள்.

எல்லோரும் ஒரே அறைக்குள் வாருங்கள். சின்ன அறை, வெயில் விழும் யன்னல் இருந்தால் நல்லது. கதவடியில் துவாயைச் சுருட்டி வையுங்கள், யன்னலில் போர்வையைத் தொங்கவிடுங்கள். மெல்லிய உடுப்புகளை அடுக்கடுக்காகப் போடுங்கள்.

எலெக்ரிக் ஹீற்றர் இரண்டு வைத்திருக்கிறேன். பல பிளக் செருகும் பவர் பாரில் சேர்த்துப் போடலாமா?

கூடாது. ஒரு ஹீற்றர் 1500 வாற் இழுக்கும். இங்குள்ள சாதாரண 15 அம்ப் சர்க்கியூட்டுக்கு அந்த ஒன்றே எல்லை. சுவரில் நேரே செருகுங்கள், திரைச்சீலையும் கட்டிலும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும், படுக்கும்போது அணைத்துவிடுங்கள். பிளக்கைத் தொட்டால் சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

கைக்குழந்தை இருக்கிறது. இரண்டு போர்வை போதுமா?

தொட்டிலுக்குள் தளர்ந்த போர்வையே வேண்டாம், மூச்சை மூடிவிடும். உடுப்பை அடுக்கி, குழந்தைகளுக்கான நித்திரைப் பை போடுங்கள். உங்கள் கட்டிலுக்குள்ளும் எடுத்துப் படுக்க வேண்டாம். குழந்தையின் நெஞ்சு குளிர்ந்திருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருந்தாலோ காத்திருக்காமல் சூடான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தியரைப் பாருங்கள். வயதானவர்களும் அப்படித்தான்: நாக்குக் குழறினால், தடுமாறினால் 911.

தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

வெளிச்சுவரோடு இருக்கும் குசினித் தொட்டியின் கீழ் அலுமாரியைத் திறந்துவிட்டு, பைப்பிலிருந்து நூல்போலத் தண்ணீர் ஓடவிடுங்கள். பிரதான வால்வு எங்கே என்று இன்றைக்கே பார்த்து, ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகியிருக்கும். உறைந்துவிட்டால் தண்ணீர் திறக்கும் பைப்பைத் திறந்தபடி, பைப் பக்கத்திலிருந்து தொடங்கி, குழாயை ஹெயர் ட்ரையரால் மெதுவாகச் சூடாக்குங்கள். நெருப்பு காட்டாதீர்கள்.

பேஸ்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் "ஸ்வெற்றர் போடு" என்கிறார்.

ரொறன்ரோ நகரச் சட்டப்படி குளிர்காலத்தில் வாடகை வீடு 21 பாகைக்குக் குறையக்கூடாது. தேர்மோமீற்றரை அறை நடுவில் வைத்து, திகதியும் நேரமும் தெரியப் படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள், குறுஞ்செய்தி போதும். அசையாவிட்டால் நகரசபையின் 311 எண்ணை அழைத்து முறையிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், தருவார்கள்.