வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டில் 25 லிட்டர் கீசர் இருக்கிறது. அங்கிருந்து முகப்புப் பக்கத்துக் குளியலறைக்கு 30 மீட்டர் குழாய். ஐந்து பேர் ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளிக்கிறோம். ஸ்டார் அதிகமுள்ள புது கீசர் வாங்கினால் பில் குறையுமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கீசர் இருக்கட்டும், முதலில் குழாயைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். எந்தக் கீசரானாலும் இந்தக் கணக்கு மாறாது. 18 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவரக் கால் யூனிட் போதும். ஆனால் முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்கள் வீட்டில் ஏழரை லிட்டர். கீசர் 60 டிகிரியில் இருந்தால், குளித்து முடித்தபின் குழாயிலேயே நின்று ஆறிப்போகும் அந்தத் தண்ணீருக்கும் கால் யூனிட்டுக்கு மேல் செலவாகியிருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் குளித்தால் ஐந்து முறையும் இந்த நஷ்டம்தான்.

ஆகவே அடுத்தடுத்துக் குளித்துவிடுங்கள். கீசரின் சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்குங்கள். 2 கிலோவாட் கீசருக்கு 20 நிமிடம் முன்னால் சுவிட்ச் போட்டால் போதும். கடைசி ஆள் வாளி நிரப்பியதும் அணைத்துவிடுங்கள். ஸ்டார் என்பது சும்மா நிற்கும் வெந்நீர் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதற்கான அளவு. இப்படி அணைத்து வைக்கும் வீட்டில் அதனால் பெரிய லாபமில்லை. திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடாக இருந்தால், தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். முதல் தடவை 60-க்குக் காய்ச்சிக் குழாய் முழுவதையும் ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

நிரந்தர வழி, முகப்புக் குளியலறையிலேயே 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர். 3 கிலோவாட் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். வாளிக்கு அதே கால் யூனிட்தான், ஓடுவது ஐந்தே நிமிடம். குழாயை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வருமாறு குறைத்து வையுங்கள். பழைய வயரிங்கில் மட்டும் இதை மாட்டிவிடாதீர்கள். மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை கட்டாயம்.

கேள்வி: ஓட்டுக் கூரை மேல் சோலார் ஹீட்டர் வைக்கலாமா? எங்களுடையது உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர்.
— வாசகர், தேவகோட்டை

பதில்: ஓட்டின் மேல் வேண்டாம். 100 லிட்டர் சோலார், தண்ணீரோடு 150 கிலோவைத் தாண்டும். பிற்பாடு கட்டிய கான்கிரீட் தளம் இருந்தால், தெற்குப் பார்த்து, காலை 9 முதல் 3 மணி வரை நிழல் விழாத இடத்தில், குளியலறைக்குப் பக்கமாக வையுங்கள். உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகைதான் சரி. தகட்டு வகையின் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்த் தொட்டி சோலார் டேங்க்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; சோலார் டேங்க்கிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேறும் காற்றுக் குழாய் அந்தத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே போக வேண்டும். அதன் வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். தண்ணீர் வற்றி வெயிலில் காய்ந்த குழாயில் நடுப்பகலில் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடிக்கும். மறுநாள் விடிகாலை நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மின் ஹீட்டர் துணைக்கு இருக்கட்டும்.

கேள்வி: பரணில் கிடக்கும் செம்பு பாய்லரை மறுபடி பயன்படுத்தலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாக. தென்னை மட்டையும் கொட்டாங்கச்சியும் வீட்டிலேயே கிடைத்தால் கரண்ட் செலவே இல்லை. நடுக்குழாயில் எரியும் நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் சூடு வீணாவது குறைவு. திறந்த பின்கட்டில் வையுங்கள், கதவடைத்த அறைக்குள் கூடாது. தண்ணீர் ஊற்றாமல் பற்றவைத்தால் பற்றுவைத்த மூட்டுகள் உருகி ஒழுகும். அடித்தட்டில் சாம்பல் அடைத்தால் புகைதான் மிஞ்சும், தினமும் தட்டிவிடுங்கள்.