உத்திரத்தில் ஓட்டை

அன்புள்ள ஐயா,

கோபியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். மாடி பாத்ரூம் குழாய்க்காகப் பிளம்பர், ஹாலின் 12 அங்குல உயர பீமில் தூணிலிருந்து ஓரடி தள்ளி 5 அங்குலத் துளை போட்டுவிட்டார். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றி 4 அங்குல இடைவெளியில் கட்டிய ரிங்குகளில் இரண்டு அறுந்துவிட்டன. சிமெண்ட் வைத்து அடைத்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. மைத்துனர் இடிக்கச் சொல்கிறார். பீமைப் பலப்படுத்தக் கார்பன் ஃபைபர் துணி ஒட்டலாமா, எந்தக் கம்பெனி நல்லது? பிளம்பர் மேல் கேஸ் போடலாமா? பீமில் துளை இருப்பது வாஸ்துக் குறையா?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

வாஸ்து எனக்குத் தெரியாது. கேஸை விடுங்கள். கம்பெனி பெயரும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் காங்கயம் பக்கத்து அப்புச்சி வீட்டை இடிக்கிறார்கள் என்று போன் வந்தது. அந்த வீட்டு உத்திரத்தில் எனக்குத் தூரி, அதாவது ஊஞ்சல், கட்ட அப்புச்சிக்கு ஆசை. கொக்கி மாட்டத் துளை போடச் சொன்னார். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஓட்டை போடறதுன்னா வேற ஆளப் பாத்துக்குங்க." அப்புறம் அவரே சாக்கை நாலாக மடித்து உத்திரத்தின் விளிம்புகளில் வைத்து, அதன் மேல் கயிற்றைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். சாக்கு இல்லாவிட்டால் விளிம்பு கயிற்றை அறுத்துவிடுமாம்.

மரத்துக்கு இருந்த மரியாதை கான்கிரீட்டுக்கு இல்லை. கல் மாதிரி இருக்கிறதே, எங்கே குடைந்தால் என்ன என்று நினைக்கிறோம். பீமின் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். அதை அடிக்கம்பி பார்த்துக்கொள்ளும். தூணருகே பீம் சாய்வாகப் பிளக்கப் பார்க்கும். அந்தப் பிளவைக் குறுக்கே பிடித்து நிறுத்துவது ரிங். அங்கே அதை நெருக்கிக் கட்டுவது அதனால்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 படி ரிங் இடைவெளி, அடிக்கம்பி வரையிலான ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் பீமுக்கு அது 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. இரண்டு ரிங் போனதால் இப்போது அங்கே 12 அங்குலம், அதாவது 300 மில்லிமீட்டர், திறந்து கிடக்கிறது. சிமெண்ட் வைத்தால் ஓட்டை மறையும், ரிங் வராது. மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள்: ரிங் வராது.

பிளம்பரைத் திட்டுகிறீர்களே, கம்பி கட்டிய அன்று அவரைக் கூப்பிட்டீர்களா? தூணை விட்டுத் தள்ளி, பீமின் நடு உயரத்தில் ஒரு துண்டு பிவிசி குழாயைச் செருகி, இருபுறமும் ரிங்கை நெருக்கி, மேலும் கீழும் சின்னக் கம்பி வைத்திருந்தால் அரை நாள் வேலை. டைல்ஸ் பார்க்க மட்டும் குடும்பத்தோடு ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் போயிருப்பீர்கள்.

சரி, கார்பன் ஃபைபர். ஒட்டலாம், ஆனால் அது ஸ்டிக்கர் அல்ல. பூச்சு இருந்தால் கொத்தி நல்ல கான்கிரீட் வரை போக வேண்டும். பீமின் விளிம்புகளைத் தேய்த்து உருட்ட வேண்டும். ஆசாரியின் சாக்குதான் அது. மேலே தளம் இருப்பதால் முழுக்கச் சுற்ற முடியாது, மூன்று பக்கம்தான். மேல் நுனிகளை ஆங்கர் போட்டுப் பிடிக்காவிட்டால் அறுவதற்கு முன்பே உரிந்து வந்துவிடும். ஒட்டும் எபாக்ஸியும் சூட்டில் இளகும். இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குவது இன்னொரு வழி. எது, எத்தனை அடுக்கு என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

பாரத்தை இறக்காமல் ஒட்டினால், இனி ஏறும் பாரத்தில் மட்டும்தான் ஃபைபர் பங்கெடுக்கும். அதனால் முதலில் முட்டு. பெரும்பாலும் இடிக்க வேண்டியிருக்காது என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டு, இன்று சாயங்காலத்துக்குள் துளைக்கு இருபுறமும் ஜாக்கி வையுங்கள். மாடியில் டைல்ஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தால் அதற்கும் முன்னால் அவற்றை இறக்குங்கள்.