மீட்டரில் ஆக்சிஜன் 5 இருந்தும் குஞ்சுகளுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கொடுவா மீன் குஞ்சுத் தொட்டிக்குச் சுத்த ஆக்சிஜன் விடுகிறோம், மீட்டர் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையவில்லை, ஆனாலும் தீனி போட்டபின் படபடவென்று செவுள் அடிக்கின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீனிக்குப் பிறகு கொஞ்சம் வேகம் கூடுவது இயல்புதான். செரிமானத்துக்கே ஆக்சிஜன் செலவாகும்; அந்தச் செலவு சில மணி நேரம் நீடிக்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரிய மீனைவிடக் குஞ்சுக்குத் தேவையும் அதிகம். இதில் வெப்பமும் உப்பும் வேறு. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜன் கொள்ளும் என்றால், 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கடல்நீர் 6.2 அளவுக்குத்தான் கொள்ளும். தண்ணீர் சூடாகச் சூடாக வரவு குறையும், குஞ்சின் செலவு ஏறும்.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கரியமில வாயுவை. மீன் அதைச் செவுள் வழியாகத் தண்ணீரில்தான் விட வேண்டும். தண்ணீரிலேயே அது நிறைந்திருந்தால் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் தங்கி, அமிலத்தன்மையை ஏற்றிவிடும். அப்போது ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சரியாகப் பிடித்து வைக்க முடியாது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் குஞ்சு திணறுவது இதனால்தான். காற்றைக் குமிழியாக நிறைய விட்டால் கரியமில வாயு அதோடு வெளியேறும். சுத்த ஆக்சிஜனைக் கொஞ்சமாக, நுண்ணிய குமிழியாக விடும்போது அது அவ்வளவாக நடப்பதில்லை. ஆக்சிஜன் மீட்டர் இதைக் காட்டாது. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு; இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் அதுதான் துப்பு.

தீனிக்கு முன்னால் அமைதியாக நிற்கும் ஒரு குஞ்சின் செவுள்மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி, 4 ஆல் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். தீனிக்குப் பிறகு ஏறிய எண்ணிக்கை, மறு தீனி நேரம் வந்தும் இறங்கவில்லை என்றால் அந்த வேளைத் தீனியை நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீர் ஏற்றி, காற்றைக் கூட்டுங்கள். தண்ணீரைக் கலக்கலாக விடாதீர்கள். மிதக்கும் கழிவு செவுளில் படிந்தால் மேலும் சிரமம்.

அப்புறம் ஒன்று: காற்றைக் கூட்டுமுன், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவைச் சோதித்துவிடுங்கள். கரியமில வாயு வெளியேறினால் பிஎச் ஏறும். அதுவரை பெரிதாகத் தொல்லை தராமல் கிடந்த அம்மோனியாவில் அதிக பங்கு நச்சு வடிவத்துக்கு மாறிச் செவுளையும் தாக்கும். அளவு அதிகமாக இருந்தால் முதலில் தண்ணீர் மாற்றம், காற்று அதற்குப் பிறகு, அதுவும் படிப்படியாக.