கிளெரிக் ஆக ஆளில்லையா? விடுங்கள்!

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடப் போகிறோம். 2014 விதிநூல்தான் வைத்திருக்கிறோம். இரண்டு பேர் ரோக் (திருடர்), ஒருவர் வார்லாக் (மந்திரம் போடுபவர்), நான் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்). ‘காயம் ஆற்றும் பூசாரியான கிளெரிக் இல்லாவிட்டால் முதல் குகையிலேயே எல்லோரும் காலி, யாராவது மாறுங்கள்’ என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டி.எம். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மனசில்லாமல் கிளெரிக் எடுத்தவர் நாலு வாரம் கழித்து ‘ஊருக்குப் போகிறேன், வேலை இருக்கிறது’ என்று நழுவ ஆரம்பிப்பார். அப்புறம் எந்த பேலன்ஸும் உங்களைக் காப்பாற்றாது.

உங்கள் டி.எம். பயப்படுவதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில் இருந்ததே மூன்று கிளாஸ்தான் (பாத்திர வகை): சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். திருடர்கூட மறு வருஷம்தான் வந்து சேர்ந்தார். மூன்றில் ஒன்று இல்லையென்றால் ஓட்டை பளிச்சென்று தெரியத்தான் செய்யும். உங்கள் கையில் இருக்கும் நூலிலோ பன்னிரண்டு கிளாஸ் இருக்கின்றன. அவற்றில் ஐந்தின் பட்டியலில் காயம் ஆற்றும் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரம் உண்டு. உங்கள் ரேஞ்சரும் அந்த ஐந்தில் ஒன்று.

சண்டை நடுவில் குணப்படுத்துவது எவ்வளவு பயன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓகர் என்ற ராட்சசன் கதாயுதத்தால் ஓர் அடி அடித்தால் சராசரி 13 எச்.பி. (உயிர்ப்புள்ளி) போகும். விஸ்டம் (ஞானம்) +3 இருக்கும் ரேஞ்சர் தன் முறை முழுவதையும் செலவழித்து, முதல் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடும் வாய்ப்பில்) கியூர் வூண்ட்ஸ் போட்டால் திரும்பக் கிடைப்பது ஏழோ எட்டோ. அடி ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தால் இந்த ஓட்டத்தில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. அதே முறையில் ஓகர் மேல் அம்பு பாய்ந்தால் சண்டை சீக்கிரம் முடியும்.

மருத்துவம் உண்மையில் தேவைப்படுவது ஒருவர் பூஜ்யத்துக்குப் போய் விழும்போதுதான். அப்போது ஒரே ஒரு எச்.பி. கிடைத்தாலும் போதும், கண் விழித்து எழுந்துவிடலாம். 50 பொற்காசுக்கு விற்கும் மருந்துக் குப்பியை விழுந்தவர் வாயில் ஊற்ற எந்த கிளாஸாக இருந்தாலும் ஓர் ஆக்‌ஷன் போதும். நீங்கள் இரண்டாம் லெவல் வந்ததும் ‘குட்பெர்ரி’ மந்திரம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தடவை போட்டால் பத்துப் பழம், பழத்துக்கு ஒரு எச்.பி. மயங்கிக் கிடப்பவருக்கு அதை ஊட்டலாமா என்று டி.எம்.மிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் தாராளமாக ஊட்டலாம். முதல் லெவல்தான் ஆபத்து. 5 பொற்காசுக்கு ஹீலர்ஸ் கிட் வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். எழுப்பாது, ஆனால் சாகாமல் நிறுத்தும். பத்துத் தடவை வரும்.

என்னைக் கேட்டால் டி.எம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. முன்னால் நிற்பது யார்? செதில் கவசமும் கேடயமும் டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2ம் இருந்தால் உங்கள் ஏ.சி. (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 18. தோல் கவசம் போட்ட ரோக்குக்கு 14 இருக்கும். ஓகரின் அடி உங்கள் மேல் இருபதுக்கு ஒன்பது தடவை படும், அவர் மேல் பதின்மூன்று தடவை. செதில் கவசத்தில் பதுங்கிப் போவது சிரமம்தான், அதை ரோக்குகள் பார்த்துக்கொள்ளட்டும். வில்லை விட மனசில்லையா? நால்வரும் தூர நின்று அடித்துவிட்டு ஓடும் கூட்டமாகவே ஆடுங்கள், அதுவும் நல்ல ஆட்டம்தான்.

இரண்டு ரோக் இருப்பது வீண் என்றும் யாராவது சொல்வார்கள். ரோக்கின் கூடுதல் அடியான ‘ஸ்னீக் அட்டாக்’குக்கு எதிரியை ஒட்டி இன்னொரு கூட்டாளி நின்றால் போதும். இருவரும் ஒரே கோப்ளினை ஆளுக்கொரு பக்கம் மடக்கினால் இருவருக்குமே அது கிடைத்துவிடும்! திறமைகள்தான் மோதும். இரண்டு பேரும் பூட்டுத் திறப்பதில் புலி என்றால், வாசலில் காவலாளியிடம் பேசும்போது நால்வரும் ஊமை. ஒருவர் ஒளிவதிலும் பூட்டிலும் ‘எக்ஸ்பர்டீஸ்’ (தனித் தேர்ச்சி) எடுக்கட்டும், மற்றவர் பொய் சொல்வதிலும் ஆளை எடைபோடுவதிலும் எடுக்கட்டும்.

கேள்வி: வீடியோ கேமில் டேங்க் (முன்னால் நின்று அடியைத் தாங்கும் ஆள்) ஆடிப் பழகியவன் நான். இங்கே என் ஃபைட்டரை (சண்டைக்காரர்) முன்னால் நிறுத்தினாலும் எதிரிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் விஸார்டை (மந்திரவாதி) அடிக்கிறார்களே?

பதில்: டி.எம்.முக்கு மூளை இருக்கிறதே, சார்! எதிரியை உங்கள் பக்கம் இழுத்து வைக்கும் மீட்டர் எதுவும் இங்கே கிடையாது. வாசற்படி, குறுகலான பாலம் மாதிரி இடம் பார்த்து நில்லுங்கள். கை எட்டும் தூரத்திலிருந்து விலகிப் போகிறவன் மேல் உங்களுக்கு ஓர் அடி இலவசம். ‘சென்டினல்’ ஃபீட் (கூடுதல் திறன்) எடுத்தால், அந்த அடி பட்டவன் நின்ற இடத்திலேயே நிற்பான். விஸார்டையும் கொஞ்சம் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்றே பேர்தான் இருக்கிறோம். நாலாவது ஆள் கட்டாயமா?

பதில்: இல்லை. 2020இல் வந்த துணை விதிநூலில் ‘சைட்கிக்’ என்று மூன்று வகைத் துணையாட்கள் உண்டு: வீரர், நிபுணர், மந்திரம் போடுபவர். ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பகடையை ஆட்டக்காரர்களில் ஒருவர் உருட்டுங்கள். டி.எம். கையில் கொடுத்தால் அவர் தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.